கிரிட்டில் பழுது நேரும்போது கடல் காற்றாலைகளின் மின்னழுத்தத்தைக் காப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கரையில் எங்கோ ஓர் உயரழுத்தப் பாதையில் இடி விழுகிறது, அல்லது இன்சுலேட்டர் ஒன்று வெடிக்கிறது. ஷார்ட் சர்க்யூட்டை ரிலே கண்டுபிடித்து, பிரேக்கர் திறந்து, பழுதான பாதை தனியாகக் கழலும்வரை ஏறக்குறைய 80 முதல் 150 மில்லி விநாடி ஆகும். அதுவரை சுற்றுவட்டாரம் முழுக்க மின்னழுத்தம் சரிந்து கிடக்கும். பழைய காற்றாலைகள் இந்தச் சரிவைக் கண்டதும் டிரிப் ஆகிவிடும், அதாவது தாமாகவே கழன்றுகொள்ளும். அன்றைக்கு அதனால் போனது சில மெகாவாட்தான், யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று ஒரே கடல் காற்றாலையிலிருந்து (பல டர்பைன்கள் சேர்ந்த நிலையம்) ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் கரைக்கு வருகிறது. பழுதான பாதையோடு அதுவும் சேர்ந்து போனால் நாட்டின் அதிர்வெண்ணே ஆட்டம் காணும்.

சரிவைத் தாங்கும் வன்பொருள் இப்போது எல்லா நல்ல டர்பைனிலும் இருக்கிறது. பெரிய மின்தடைகளின் விசாரணை அறிக்கைகளைப் படித்துப் பார்த்தால், காற்றாலைகள் காலை வாரியது பெரும்பாலும் மூன்று இடங்களில்: கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டபோது, பழுது நீங்கிய அடுத்த ஒரு விநாடியில், எப்போதோ யாரோ இட்டுவிட்டு மறந்த ஒரு செட்டிங்கில். அதனால் இந்த வழிகாட்டியில் வன்பொருளைவிட அவற்றுக்கே இடம் அதிகம்.

படி 1: விதியைப் படியுங்கள், பிறகு அதை டர்பைனின் முனைக்குக் கொண்டுபோங்கள்

ஒவ்வொரு நாட்டின் கிரிட் (மின்கட்டமைப்பு) விதியிலும் ஒரு வளைகோடு இருக்கும். கிடை அச்சில் நேரம், நெடு அச்சில் மின்னழுத்தம். கோட்டுக்கு மேலே இருக்கும்வரை காற்றாலை கழலக் கூடாது. ஜெர்மனியில் ஈ.ஆன் நெட்ஸ் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட விதிகள் இதில் முன்னோடி. அமெரிக்காவின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2005-இல் தன் ஆணையைப் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/631 விதிப்படி, உயரழுத்தத்தில் இணையும் பெரிய நிலையங்கள், தாங்கள் கிரிட்டோடு சேரும் இணைப்புப் புள்ளியில் மின்னழுத்தம் சுழியமானாலும் 140 முதல் 150 மில்லி விநாடி வரை தாக்குப்பிடிக்க வேண்டும். தேவையிருந்தால் 250 வரைகூடக் கேட்கலாம். பிரிட்டன் கேட்பது 140.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விதி பேசுவது இணைப்புப் புள்ளியைப் பற்றி. டர்பைன் உற்பத்தியாளர் சான்று தருவதோ டர்பைனின் முனைகளுக்கு. இரண்டுக்கும் நடுவில் கரை மின்மாற்றி, கடலடிக் கேபிள், கடல்மேடை மின்மாற்றி, 33 அல்லது 66 கிலோவோல்ட் உள்வலைக் கேபிள்கள், டர்பைனின் சொந்த மின்மாற்றி எல்லாம் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மின்மறிப்பைக் (மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு) கூட்டினால் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் தேறும். ஆகவே இணைப்புப் புள்ளியில் சுழியம் என்றாலும், டர்பைன் முழு ரியாக்டிவ் மின்னோட்டத்தை (திறனைச் சுமக்காமல் மின்னழுத்தத்தைத் தாங்கும் மின்னோட்டம்) செலுத்தினால் அதன் முனையில் 20 முதல் 30 சதவீத மின்னழுத்தம் நிற்கும். இது நமக்குச் சாதகம். இதற்கு மறுபக்கமும் உண்டு. கிரிட்டில் மின்னழுத்தம் ஏறும்போது, அதே மின்மறிப்பால் டர்பைன் முனையில் இன்னும் கூடுதலாக ஏறும். ஆகவே வளைகோட்டின் கீழ்ப்பகுதி, மேல்பகுதி இரண்டையும் முனைக்கு மாற்றிக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வரிசையில் கடைசியில் உள்ள டர்பைனுக்கும் முதலில் உள்ளதற்கும் தனித்தனியாக.

படி 2: கிரிட்டின் பலத்தை அளவிடுங்கள், அதுவும் பழுதுக்குப் பிறகான பலத்தை

இணைப்புப் புள்ளியின் ஷார்ட் சர்க்யூட் திறனைக் (அங்கே ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தால் கிரிட் தரக்கூடிய திறன்) காற்றாலையின் திறனால் வகுத்தால் வருவது ஷார்ட் சர்க்யூட் விகிதம். 1000 மெகாவாட் காற்றாலை, 3000 எம்விஏ (மெகா வோல்ட்-ஆம்பியர்) கிரிட் என்றால் விகிதம் 3. விகிதம் 3-க்குக் கீழே போனால் பொதுவாகப் பலவீனமான கிரிட் என்பார்கள். இது வெறும் அடையாள எண் இல்லை. விகிதத்தின் தலைகீழ்தான் கிரிட்டின் மின்மறிப்பு. விகிதம் 10 உள்ள இடத்தில் காற்றாலை முழு ரியாக்டிவ் மின்னோட்டத்தைச் செலுத்தினாலும் மின்னழுத்தம் ஏறக்குறைய 10 சதவீதமே உயரும். விகிதம் 3 என்றால் 33 சதவீதம். பலவீனமான கிரிட்டில் காற்றாலையின் கை ஓங்கியிருக்கும், அதனால் அது செய்யும் தவறின் விளைவும் பெரிதாகவே இருக்கும்.

ஒப்பந்தத்தில் தரப்படும் எண் பெரும்பாலும் எல்லாப் பாதைகளும் இயங்கும் நிலைக்கானது. பழுது நீங்குவது என்றாலே ஒரு பாதை கழலுவது என்றுதான் பொருள். பழுதுக்கு முன் 3.5 ஆக இருந்த விகிதம், பாதை ஒன்று போனதும் 2 ஆகலாம். பராமரிப்புக்காக இன்னொரு பாதை ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தால் அதற்கும் கீழே. பக்கத்தில் அனல் நிலையம் மூடப்பட்டாலும், அருகிலேயே இன்னொரு காற்றாலை இணைந்தாலும் விகிதம் இறங்கும். கிரிட்டை நடத்தும் நிறுவனமான இயக்குநரிடம் மிகக் குறைந்த அளவை, பாதைகள் கழன்ற நிலைக்கு, அடுத்த பத்தாண்டுக்கும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். அந்த எண் கையில் வரும்வரை கட்டுப்பாட்டு அமைப்பைச் சரிசெய்ய உட்கார வேண்டாம்.

படி 3: வெளியே போக முடியாத ஆற்றலுக்கு வழி செய்யுங்கள்

மின்னழுத்தம் பாதியானால், அதே மின்னோட்டத்தில் வெளியே போகும் திறனும் பாதிதான். காற்று மட்டும் குறையவில்லை. இறக்கைகள் திரும்பிக் காற்றை விட்டுவிட விநாடிக்கணக்கில் ஆகும். டர்பைனின் மின்சாரத்தைக் கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கன்வெர்ட்டரின் நடுவில் உள்ள டிசி மின்தேக்கியோ சில மில்லி விநாடிகளிலேயே ஆபத்தான மின்னழுத்தத்தைத் தொட்டுவிடும். இந்த இடைவெளியை நிரப்புவது சாப்பர், அதாவது டிசி பகுதியில் உள்ள மின்தடையம். மிஞ்சிய ஆற்றலை அது வெப்பமாக எரித்துவிடும்.

இரட்டை ஊட்டத் தூண்டல் ஜெனரேட்டர் உள்ள பழைய வகைகளில் கன்வெர்ட்டர் ஜெனரேட்டரின் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கே கட்டப்பட்டிருக்கும். ஸ்டேட்டர் (ஜெனரேட்டரின் நிலையான பகுதி) நேரடியாகக் கிரிட்டோடு இணைந்திருப்பதால் பழுதின் அதிர்ச்சி முழுவதும் சுழலும் பகுதியான ரோட்டரில் இறங்கும். அதைக் காக்க க்ரோபார் (ரோட்டர் சுற்றைக் குறுக்கே இணைக்கும் பாதுகாப்புக் கருவி) செயல்படும் கணத்தில் கட்டுப்பாடு கைநழுவிப்போகும், இயந்திரம் கிரிட்டிலிருந்து ரியாக்டிவ் பவரை உறிஞ்சவும் தொடங்கும். இன்றைய பெரிய கடல் டர்பைன்கள் பெரும்பாலும் முழுத்திறன் கன்வெர்ட்டர் வகை என்பதால் இதை இங்கே விரிக்கவில்லை.

சாப்பரை அளவிட ஒரு சின்னக் கணக்குப் போதும். 10 மெகாவாட் டர்பைன் 7.7 மெகாவாட்டை (இந்த எண்ணின் கணக்கு படி 4-இல்) 250 மில்லி விநாடி எரிக்க வேண்டுமானால் ஏறக்குறைய 1.9 மெகாஜூல். பழுது நீங்கிய பிறகு திறன் மெதுவாக ஏறும் நேரத்தையும் இதோடு கூட்டுங்கள். பிறகு, ஒரு சரிவின் சூடு ஆறுவதற்குள் அடுத்த சரிவு வந்தால் என்னாகும் என்று கேளுங்கள். புயல் நாட்களில் பாதைகள் ஒரு தடவை பழுதாகி அடங்குவதில்லை. பிரேக்கர் மீண்டும் மூடும், பழுது அங்கேயே இருக்கும், மீண்டும் திறக்கும்.

படி 4: எந்த மின்னோட்டத்துக்கு முன்னுரிமை?

கன்வெர்ட்டர் தரக்கூடிய மின்னோட்டம் தன் மதிப்பின் 1.1 முதல் 1.2 மடங்கு வரைதான். குறைக்கடத்தி அதற்கு மேல் தாங்காது. அந்த வரம்புக்குள் திறனைச் சுமக்கும் ஆக்டிவ் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தைத் தாங்கும் ரியாக்டிவ் மின்னோட்டத்தையும் பங்கிட வேண்டும். இரண்டும் செங்குத்தானவை என்பதால் வர்க்கங்களின் கூட்டல்தான் வரம்பு.

ஜெர்மன் வழக்கில் இது ஒரு பெருக்கெண்ணாக வந்தது. மின்னழுத்தம் 1 சதவீதம் குறைந்தால் ரியாக்டிவ் மின்னோட்டம் 2 சதவீதம் கூட வேண்டும் என்றால் பெருக்கெண் 2. மின்னழுத்தம் 50 சதவீதமாகும்போது ரியாக்டிவ் மின்னோட்டம் 100 சதவீதத்தைத் தொடும். மொத்த வரம்பு 1.1 மடங்கு என்று வைத்தால் ஆக்டிவ் மின்னோட்டத்துக்கு மிஞ்சுவது 0.46 மடங்கு. பாதி மின்னழுத்தத்தில் அது சுமக்கும் திறன் 23 சதவீதம். மீதி 77 சதவீதமும் சாப்பருக்குப் போகும். மேலே 7.7 மெகாவாட் என்று எடுத்தது இந்தக் கணக்கில்தான்.

பெருக்கெண்ணைக் கூட்டினால் ஆதரவு கூடும் என்று நினைக்கத் தோன்றும். பலமான கிரிட்டில் அது ஓரளவு உண்மை. பலவீனமான கிரிட்டில், காற்றாலை செலுத்தும் மின்னோட்டமே அது அளக்கும் மின்னழுத்தத்தை மாற்றிவிடுகிறது. அளப்பதில் 10, 20 மில்லி விநாடித் தாமதம் இருந்தால் போதும், வளையம் ஊசலாடத் தொடங்கும். விகிதம் 3-க்குக் கீழே உள்ள இடங்களில் பெருக்கெண் 2-இல் தொடங்கி, உருவகச் சோதனை (கணினி மாதிரியில் ஓட்டிப் பார்ப்பது) அனுமதித்தால் மட்டும் ஏற்றுங்கள். விதி அதிகம் கேட்டால் இயக்குநரோடு உட்கார்ந்து பேசுங்கள். இந்தப் பேச்சுக்குப் பெரும்பாலானோர் அஞ்சுகிறார்கள், ஆனால் ஊசலாடும் காற்றாலையை விரும்பும் இயக்குநர் எவரும் இல்லை.

படி 5: ஒற்றை ஃபேஸ் பழுதை மறக்காதீர்கள்

மூன்று ஃபேஸும் (மின்சாரம் வரும் மூன்று கம்பிகளும்) ஒன்றாகச் சரிவது சோதனைகளில்தான் அதிகம் நடக்கும். வெட்டவெளிப் பாதைகளில் பெரும்பாலான பழுதுகள் ஒரு ஃபேஸுக்கும் நிலத்துக்கும் இடையே நிகழ்பவை. அப்போது மூன்று ஃபேஸுக்கும் சமமாக ரியாக்டிவ் மின்னோட்டத்தைச் செலுத்தினால், பழுதான ஃபேஸ் கொஞ்சம் எழும், ஆரோக்கியமாக இருந்த மற்ற இரண்டும் வரம்பைத் தாண்டி ஏறும். அந்த ஏற்றத்தில் காற்றாலை மிகையழுத்தப் பாதுகாப்பில் டிரிப் ஆகலாம். ஜெர்மனியின் இன்றைய விதிகளும், பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ-இன் 2022-இல் வந்த 2800 தரமும் எதிர்வரிசை மின்னோட்டத்தையும் (ஃபேஸ்கள் சமமில்லாதபோது எதிர்ச்சுழற்சியில் வரும் பகுதி) கேட்பது இதனால்தான். அதைச் செலுத்தினால் சரிந்த ஃபேஸ் மட்டும் தாங்கப்படும், மற்றவை அடங்கும். இதற்கு ஒரு விலை உண்டு. 50 ஹெர்ட்ஸ் கிரிட்டில் டிசி பகுதியில் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு எழும், வரம்பில் ஒரு பங்கும் போய்விடும். எந்த ஃபேஸிலும் உச்ச மின்னோட்டம் வரம்பைத் தாண்டாதபடி இரண்டையும் சேர்த்தே குறைக்கும் தர்க்கம் டர்பைன் சாஃப்ட்வேரில் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை உருவகத்தில் சரிபாருங்கள்.

படி 6: கிரிட்டோடு உள்ள ஒத்திசைவைக் காப்பாற்றுங்கள்

வழக்கமான கன்வெர்ட்டர் கிரிட்டின் அலையைப் பார்த்துத்தான் தன் மின்னோட்டத்தின் கோணத்தை நிர்ணயிக்கிறது. அதைச் செய்யும் பகுதி பிஎல்எல். மின்னழுத்தம் சுழியத்துக்கு அருகே போனால் பார்க்க அலையே இல்லை. மேலும், தொலைவில் இருக்கும் அந்தச் சிறு மின்னழுத்தம் நீங்கள் தள்ளும் ஆக்டிவ் மின்னோட்டத்தைச் சுமக்க முடியாத அளவுக்குச் சிறியதென்றால், சமநிலைப் புள்ளி என்ற ஒன்றே இருக்காது. பிஎல்எல் அதிர்வெண்ணைத் தேடி ஓடிக்கொண்டே இருக்கும். பழுது நீங்கும்போது அதன் கோணம் எங்கோ இருக்கும், காற்றாலை சில கணங்கள் தவறான திசையில் மின்னோட்டத்தைச் செலுத்தும்.

மூன்று மருந்துகள் உண்டு. ஆழமான சரிவில் ஆக்டிவ் மின்னோட்டத்தை வெட்டி, மின்னோட்டத்தின் கோணத்தைப் பாதையின் மின்மறிப்புக் கோணத்தோடு பொருத்துவது ஒன்று. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் பிஎல்எல்லை உறையவைத்துக் கடைசி அதிர்வெண்ணையே பிடித்துக்கொள்வது இரண்டு. சில நூறு மில்லி விநாடிகளுக்கு இது போதும். மூன்றாவது, பிஎல்எல்லின் வேகத்தைக் குறைப்பது. இது பலவீனமான கிரிட்டில் ஊசலாட்டத்தைத் தணிக்கும், ஆனால் பழுது நீங்கியதும் கோணம் திடீரெனத் தாவும்போது பின்தங்கும்.

கிரிட் ஃபார்மிங் கன்வெர்ட்டர் இந்தச் சிக்கலை வேறு கோணத்தில் அணுகுகிறது. கிரிட்டின் அலையைப் பின்தொடராமல் தானே ஒரு மின்னழுத்த மூலமாக நிற்கிறது. ஸ்காட்லாந்தின் டெர்சலாக் தரைக் காற்றாலையில் 2019-இல் 69 மெகாவாட் அளவில் இதைச் சோதித்தார்கள். நல்ல திசைதான். ஆனால் மின்னோட்ட வரம்பை எட்டிய கணத்தில் அதுவும் மின்னழுத்த மூலமாக இருக்க முடியாது. பழுதின் நடுவே வரம்புக்குள் போய் மீண்டும் வெளியே வருவதை எப்படிச் செய்கிறது என்பதே அதன் தரத்தைச் சொல்லும். விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்.

படி 7: கரையில் உதவி வையுங்கள், பிறகு அது டர்பைனோடு சண்டையிடாமல் பாருங்கள்

220 கிலோவோல்ட் கடலடிக் கேபிள் ஒன்று தன் மின்தேக்கத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 மெகாவார் ரியாக்டிவ் பவரை உண்டாக்கும். 60 கிலோமீட்டர் என்றால் 180. இதை விழுங்க இரு முனைகளிலும் ஷன்ட் ரியாக்டர்கள் வேண்டும். மிக நீளமான பாதைகளில் நடுவிலும் வேண்டும். பிரிட்டனின் 'ஹார்ன்சீ ஒன்று' என்ற கடல் காற்றாலைக்காகக் கடல் நடுவே அதற்கென ஒரு மேடையே நிறுத்தினார்கள். இந்த ரியாக்டர்கள் நிலையானவை, பழுதின்போது உதவ மாட்டா. விரைவான உதவிக்கு ஸ்டாட்காம் (கன்வெர்ட்டர் வகை), எஸ்விசி (மின்தேக்கிகளையும் ரியாக்டர்களையும் மின்னணுச் சுவிட்சுகளால் இயக்குவது), சிங்க்ரனஸ் கண்டென்சர் (சுமையின்றிச் சுழலும் பெரிய இயந்திரம்) ஆகிய மூன்றில் ஒன்று.

மின்னழுத்தம் பாதியானால் எஸ்விசியின் மின்தேக்கிகள் தருவது கால்பங்கு, ஏனென்றால் அது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஸ்டாட்காம் மின்னோட்டத்தை விடாமல் பிடிப்பதால் பாதி தரும். சிங்க்ரனஸ் கண்டென்சர் கன்வெர்ட்டர் கனவு காண முடியாத அளவுக்கு, தன் மதிப்பைப்போல் சில மடங்கு மின்னோட்டத்தைப் பழுதின் முதல் கணங்களில் கொட்டும், கூடவே நிலைமத்தையும் ஷார்ட் சர்க்யூட் விகிதத்தையும் உயர்த்தும். பராமரிப்பு அதிகம், இழப்பு அதிகம். விகிதம் 2-ஐ ஒட்டி நிற்கும் இடமானால் நான் கண்டென்சர் பக்கம் சாய்வேன். 4, 5 என்றால் ஸ்டாட்காம் தாராளம்.

சரியான கருவியை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுபவர்கள் 2019 ஆகஸ்ட் 9 மாலையைப் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஈட்டன் சோகன் – வைமண்ட்லி 400 கிலோவோல்ட் பாதையில் இடி விழுந்தது. பழுது வழக்கம்போல் 100 மில்லி விநாடிக்குள் நீக்கப்பட்டது. ஹார்ன்சீ ஒன்றின் இணைப்புப் புள்ளியில் மின்னழுத்தம் சரிந்தது ஏறக்குறைய 2 சதவீதமே. படி 1-இல் பார்த்த வளைகோட்டுக்கு இது தூசு. ஆனாலும் 799 மெகாவாட் தந்துகொண்டிருந்த காற்றாலை 62-க்கு விழுந்தது. காற்றாலையின் மின்னழுத்தக் கட்டுப்பாடு, அன்றைக்குப் பலம் குறைந்திருந்த இணைப்பின் நிலையில், ஏறக்குறைய 9 ஹெர்ட்ஸில் அடங்காத ஊசலாட்டத்தில் இறங்கியது. டர்பைன்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் துண்டித்துக்கொண்டன. அதே நேரம் லிட்டில் பார்ஃபர்ட் எரிவாயு நிலையமும் டிரிப் ஆக, அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸ் வரை இறங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தார்கள். அடுத்த நாளே திருத்திய சாஃப்ட்வேரை ஏற்றினார்கள். உலோகத்தில் ஒன்றையும் மாற்றவில்லை. என்னை இதில் மிகவும் உறுத்தும் செய்தி வேறு: இதேபோன்ற ஊசலாட்டம் சம்பவத்துக்குச் சுமார் பத்து நிமிடம் முன்பும் தலைகாட்டியிருந்தது.

கடல் காற்றாலையில் மின்னழுத்தத்தைக் கவனிக்கும் கைகள் மூன்று. மில்லி விநாடிகளில் ஓடும் டர்பைன் கட்டுப்பாடு, பல பத்து மில்லி விநாடிகளில் ஓடும் ஸ்டாட்காம், விநாடிகளில் ஓடும் நிலையக் கட்டுப்பாடு. அதோடு மின்மாற்றிகளின் டேப் மாற்றியும் (சுருளின் சுற்றுகளை மாற்றி மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் பொறி) உண்டு. ஒரே மின்னழுத்தத்தை மூவரும் பிடிக்கப் பார்த்தால், ஒரே வண்டியின் ஸ்டியரிங்கை மூன்று பேர் திருப்புவதைப்போல் ஆகும். ஒவ்வொன்றின் வேகத்துக்கும் இடையே ஐந்து மடங்கு, முடிந்தால் பத்து மடங்கு இடைவெளி விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ட்ரூப் பண்பு (மின்னழுத்தம் விலகும் அளவுக்கு ஏற்ப மட்டும் வினைபுரிவது) கொடுங்கள். அப்போது எதுவும் பிடிவாதமாக ஒரே எண்ணைத் துரத்தாது. தொடர் சேர்ப்பான் (பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் பகுதி) ஒரே ஒரு கட்டுப்பாட்டில் மட்டும் இருக்கட்டும். பிறகு விகிதத்தைக் குறைத்துக் குறைத்து 1 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை அதிர்வுகளை உள்ளே செலுத்தி, எந்த அதிர்வெண்ணில் தணிப்பு மெலிகிறது என்று பாருங்கள்.

படி 8: பழுது நீங்கிய அடுத்த விநாடி

பிரேக்கர் திறந்த கணத்தில் மின்னழுத்தம் திரும்பிவிடும். காற்றாலையோ இன்னும் முழு ரியாக்டிவ் மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். கேபிளும் தன் பங்குக்கு ரியாக்டிவ் பவரைக் கொட்டும். பலவீனமான கிரிட்டில் இரண்டும் சேர்ந்து மின்னழுத்தத்தை 1.2 மடங்குக்கும் மேல் தூக்கிவிடலாம். போதாக்குறைக்கு மின்மாற்றிகள் காந்தத்தில் நிறைவுற்று, கேபிளின் மின்தேக்கத்தோடும் கிரிட்டின் தூண்டலோடும் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொள்ளும். 2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டது மிகையழுத்தம் தொடர்தொடராகப் பரவியதால்தான். அங்கே கடல் காற்றாலைகள் காரணமில்லை, ஆனால் மேல்பக்க வரம்பை இரண்டாந்தரமாகப் பார்க்கும் பழக்கத்துக்கு அது நல்ல பதில்.

செய்ய வேண்டியவை இவை. மின்னழுத்தம் திரும்பியதை 10, 20 மில்லி விநாடிக்குள் உணர்ந்து ரியாக்டிவ் மின்னோட்டத்தை விடவும், தேவையானால் எதிர்த்திசையில் உறிஞ்சவும் டர்பைனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிலையக் கட்டுப்பாடு, சரிவு தொடங்கியதுமே தன் சேர்ப்பானை உறையவைக்க வேண்டும். அது உறையவில்லை என்றால், 150 மில்லி விநாடி முழுக்க 'மின்னழுத்தம் போதவில்லை' என்று எண்ணிச் சேர்த்துவைத்த கட்டளை, மின்னழுத்தம் ஏற்கெனவே ஏறிவிட்ட நேரத்தில் டர்பைன்களைச் சென்றடையும். டேப் மாற்றியையும் அந்த நேரத்தில் பூட்டிவையுங்கள்.

அடுத்தது, இரு நிலைகளுக்கு இடையே கதவுபோல் ஆடுவது. 90 சதவீதத்துக்குக் கீழே போனால் பழுதுநிலை, மேலே வந்தால் இயல்புநிலை என்று ஒரே எல்லையை வைத்தால் என்ன நடக்கும்? 89-இல் டர்பைன் ரியாக்டிவ் மின்னோட்டத்தைச் செலுத்தும், மின்னழுத்தம் 92 ஆகும், உடனே இயல்புநிலைக்குப் போய் நிறுத்தும், மின்னழுத்தம் மீண்டும் 89. நூற்றுக்கணக்கான டர்பைன்கள் ஒரே தாளத்தில் இதைச் செய்தால் விளைவை விவரிக்க வேண்டியதில்லை. நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் வேறு வேறு எல்லைகள் வையுங்கள், வெளியேறிய பிறகும் சில நூறு மில்லி விநாடி ஆதரவைப் படிப்படியாகக் குறையுங்கள். இதைவிட நல்லது, எல்லையே இல்லாமல் இயல்புநிலையிலும் அதே மின்னழுத்தக் கட்டுப்பாடு தொடர்ந்து ஓடுவது.

ஆக்டிவ் திறனை எவ்வளவு வேகத்தில் திருப்புவது என்பதில் இயக்குநர்கள் இரு வேறு உலகங்களில் வாழ்கிறார்கள். பிரிட்டனில், 140 மில்லி விநாடிக்குட்பட்ட பழுதானால் அரை விநாடிக்குள் 90 சதவீதம் திரும்ப வேண்டும், ஏனென்றால் தீவின் அதிர்வெண் விரைவாக விழும். ஜெர்மனியின் 2007 விதிகள் விநாடிக்கு 20 சதவீதத்தையே குறைந்தபட்சமாகக் கேட்டன, ஐரோப்பியக் கண்டம் முழுக்க அதைத் தாங்க இருக்கிறது. பலவீனமான கிரிட்டில் வேகமாக ஏற்றினால், படி 2-இல் பார்த்த சுருங்கிய விகிதம் அந்தத் திறனைச் சுமக்க முடியாமல் மின்னழுத்தம் இரண்டாம் முறை சரியும். டர்பைனின் கோபுரமும் தண்டும்கூட இந்தத் திடீர் ஏற்றத்தில் ஆடும். விதி அனுமதிக்கும் மிக மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். மின்னழுத்தம் 90-ஐத் தாண்டாதவரை ஏற்றத்தை நிறுத்திவைக்கும் நிபந்தனையும் இருக்கட்டும்.

படி 9: டிசி கேபிள் வழியே வருகிறதென்றால்

கரை 80, 100 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் ஏசி கேபிள் கட்டுப்படியாகாது, எச்விடிசி (உயரழுத்த டிசி மின்சாரம்) வரும். ±320 கிலோவோல்ட் இன்று பரவலாக இருக்கிறது, அடுத்த தலைமுறை ±525. இங்கே கரைப் பழுது கடலுக்குத் தெரியாது. டர்பைன்கள் முழுத்திறனைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கரை கன்வெர்ட்டரால் அதை வெளியேற்ற முடியாது. கன்வெர்ட்டரில் சேர்ந்திருக்கும் ஆற்றல் முழுத்திறனில் ஏறக்குறைய 35 மில்லி விநாடிக்கானது. டிசி மின்னழுத்தம் 1.2 மடங்காவதற்குக் கூடுதலாக 44 சதவீத ஆற்றல் போதும், அதாவது சுமார் 15 மில்லி விநாடி. கரைக்கும் கடலுக்கும் செய்தி போய்வந்து டர்பைன்கள் குறைக்க அது போதாது. கடல் கன்வெர்ட்டர் தன் மின்னழுத்தத்தைத் தாழ்த்தியோ அதிர்வெண்ணை உயர்த்தியோ டர்பைன்களைக் குறைக்கச் சொல்லும் வழிகள் உண்டு. நான் கரையில் முழுத்திறன் சாப்பர் வைப்பதையே விரும்புகிறேன். விலை அதிகம், ஆனால் டர்பைன்கள் தொந்தரவை உணரவே மாட்டா.

கடல் பக்கத்தில் பழுது நேர்ந்தால் கதை தலைகீழ். அங்கே கிரிட்டை உருவாக்குவதே கன்வெர்ட்டர்தான், அதுவும் 1.2 மடங்கு மின்னோட்டமே தரும். ரிலேக்கள் எதிர்பார்க்கும் பல மடங்கு மின்னோட்டம் வராது. ஓவர்கரன்ட் ரிலேயை நம்பாமல் இரு முனைகளின் மின்னோட்டத்தை ஒப்பிடும் டிஃபரென்ஷியல் பாதுகாப்பை வையுங்கள்.

படி 10: சின்னச் செட்டிங்குகளின் பட்டியல்

2016 செப்டம்பர் 28-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் சூறாவளி பாதைகளைச் சாய்த்தது. இரண்டு நிமிடத்துக்குள் ஆறு மின்னழுத்தச் சரிவுகள். ஒவ்வொன்றையும் காற்றாலைகள் தாங்கின. ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை சரிவுக்கு மேல் தாங்காதே என்ற ஒரு செட்டிங் பல டர்பைன்களில் இருந்தது. ஒன்பது காற்றாலைகளில் 456 மெகாவாட் சில விநாடிகளில் போனது. அண்டை மாநில இணைப்பு மிகைச்சுமையில் கழன்று, மாநிலமே இருண்டது. அந்தச் செட்டிங்கைப் பற்றி இயக்குநருக்கு அதுவரை தெரியாது.

எனவே டர்பைனிலும் ஸ்டாட்காமிலும் உள்ள எல்லாப் பாதுகாப்பு அளவுகளையும் ஒரே தாளில் எழுதி, படி 1-இன் வளைகோட்டோடு ஒப்பிடுங்கள். சரிவு எண்ணிக்கை, சாப்பரின் வெப்ப வரம்பு, அதிர்வெண் மாறும் வேகத்துக்கான ரிலே, மிகையழுத்தத்தின் உடனடி அளவு. துணை மின்சாரத்தை விட்டுவிடாதீர்கள். குளிரூட்டும் பம்பின் கான்டாக்டர் (மின்காந்தச் சுவிட்ச்) பாதி மின்னழுத்தத்தில் விழுந்துவிட்டால், கன்வெர்ட்டர் பழுதை வீரமாகத் தாண்டி, சில நிமிடம் கழித்துச் சூட்டில் நின்றுவிடும். இறக்கை மோட்டாருக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்கும் யுபிஎஸ் இருக்கிறதா என்பதோடு, அதன் பேட்டரியின் வயதையும் பாருங்கள்.

படி 11: உருவகமும் சோதனையும்

ஒற்றை டர்பைனை ஐஇசி 61400-21-1 தரப்படி உண்மையான சரிவுக்கு உட்படுத்திச் சோதிக்கலாம். கன்டெய்னரில் வரும் ரியாக்டர்களை வைத்துச் செயற்கைப் பழுதை உண்டாக்குவார்கள். காற்றாலை முழுவதையும் அப்படிச் சோதிக்க முடியாது, அங்கே உருவகம்தான் கதி. சராசரி மதிப்பில் ஓடும் ஆர்எம்எஸ் மாதிரிகள் நாடு முழுவதற்குமான ஆய்வுக்கு நல்லவை. பிஎல்எல் தடுமாற்றம், கேபிள் ஒத்ததிர்வு, ஒற்றை ஃபேஸ் நுணுக்கங்கள் ஆகியவற்றுக்கு மைக்ரோ விநாடிப் படிகளில் ஓடும் இஎம்டி மாதிரி வேண்டும். அதிலும் உற்பத்தியாளரின் உண்மையான கட்டுப்பாட்டு நிரலே உள்ளே இருக்க வேண்டும். பொது மாதிரி கொடுத்தால் ஏற்காதீர்கள்.

ஓட்ட வேண்டிய நிலைகளில் மிக முக்கியமானவை: மிகக் குறைந்த விகிதத்தில் முழு உற்பத்தி, முழுத்திறனில் ஒரு கேபிள் நிறுத்தப்பட்ட நிலை, காற்றே இல்லாமல் கேபிள் மட்டும் மின்னூட்டத்தில் உள்ள நிலை, அடுத்தடுத்த பழுதுகள், 2, 5 சதவீதச் சின்னச் சரிவுகள். ஆழமான பழுதை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு அறிக்கையை மூடுவது பொதுவான வழக்கம். 'ஹார்ன்சீ ஒன்று' காற்றாலையின் ஊசலாட்டத்தை அந்த வழக்கம் பிடித்திருக்காது.

ஒவ்வொரு சாஃப்ட்வேர் புதுப்பிப்புக்குப் பிறகும் இந்தத் தொகுப்பு முழுவதையும் மீண்டும் ஓட்டுங்கள். ஒப்பந்தத்தில் இதை எழுதாவிட்டால் புதுப்பிப்பு வரும், புதிய மாதிரி வராது.

படி 12: பதிவுக்கருவியைக் காலியாக விடாதீர்கள்

இணைப்புப் புள்ளியிலும், கடல்மேடையிலும், ஒவ்வொரு வரிசையின் கடைசி டர்பைனிலும் நொடிக்குப் பல ஆயிரம் மாதிரி எடுக்கும் பதிவுக்கருவி வையுங்கள், ஜிபிஎஸ் நேரத்தோடு. தூண்டும் எல்லையை ஆழமான சரிவுக்கு மட்டும் வைக்காமல் 2 சதவீத மாற்றத்துக்கும், 5 முதல் 50 ஹெர்ட்ஸ் வரையிலான ஊசலாட்டத்துக்கும் சேர்த்து வையுங்கள். முதல் உண்மையான சரிவு வந்ததும், யாரும் டிரிப் ஆகவில்லை என்பதோடு நிறுத்தாமல், அதே சரிவை இஎம்டி மாதிரிக்குள் செலுத்தி இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். ரியாக்டிவ் மின்னோட்டம் எழும் நேரம், பழுது நீங்கியபின் மின்னழுத்தத்தின் உச்சம், ஊசலாட்டம் அடங்க எடுக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். மூன்றாவது பொருந்தவில்லை என்றால், மாதிரியைச் சரிசெய்து முடிக்கும்வரை கிரிட் பலவீனமாகும் நாட்களில் உற்பத்தியைக் குறைத்து ஓட்ட இயக்குநரிடம் நீங்களே கேளுங்கள்.